கம்பி பூட்டுமுன் கணக்கிடக் கற்பித்தவர்: குஸ்தாவ் கிர்க்கோப்

ஒரு கருமத்திற் கைவைக்குமுன் அதன் விளைவை அறிவினாலே கண்டு தெளிதல் வேண்டும் என்பது நம் முன்னோர் பலகாலும் வற்புறுத்திய நெறி. வீடு கட்டுவோர் அத்திவாரம் வெட்டுமுன் நிலத்திற் கயிறு பிடித்துப் பார்க்கின்றனர். தச்சர் மரத்தை அறுக்குமுன் கோடிட்டுப் பார்க்கின்றனர். கண்ணுக்குப் புலனாகாத மின்சாரத்திற்கு இவ்வாறு கயிறு பிடிக்கவும் கோடிடவும் உலகிற்குக் கற்பித்த பெருமகனார் ஒருவர் உளர். அவரே ஜேர்மனிய நாட்டறிஞர் குஸ்தாவ் றொபேட் கிர்க்கோப் ஆவர். பௌதிகவியல் வகுப்பிற் பயின்ற நம் பழைய மாணவர் யாவரும் அவர் பெயராலமைந்த இரு விதிகளை மனனஞ் செய்திருப்பர். ஆயினும் அவ்விதிகளை ஆக்கிய மனிதனின் வரலாற்றை அறிந்தோர் சிலரே.

தமிழ் கற்பிக்கும் ஆசிரியனாகிய யான் இவ்வரலாற்றை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர், புத்தாக்கப் போட்டியொன்றிற்காக உயர்தர வகுப்பு மாணவனொருவன் மின்சுற்றொன்றை அமைத்துக்கொண்டிருந்தான். செடிக்கு நீர் குறைந்தவிடத்துத் தானே இயங்கும் சிறு நீரிறைக்கும் பொறி அது. பொறியை விளக்கும் கட்டுரையைத் திருத்தித் தரும் பொருட்டே யான் அவனுடன் ஆய்வுகூடத்திற்குச் சென்றேன். அவன் முதலிற் கணனியைத் திறந்து, சுற்றின் படத்தைத் திரையில் வரைந்து, அதனை இயக்கிக் காட்டினான். மின்கலம் இல்லை, கம்பி இல்லை, பற்றாசும் இல்லை. எனினும் எந்தச் சந்தியில் எத்துணை அழுத்தம், எந்தக் கம்பியில் எத்துணை ஓட்டம் என்பன யாவும் திரையில் எண்களாய்த் தோன்றின. அவன் முகத்தில் மகிழ்ச்சி பொங்கிற்று. மறுநாள் அதே சுற்றை மெய்ப்பொருள்களால் அமைத்து ஆளியை அழுத்தினான். நொடிப்பொழுதில் திரான்சிற்றர் புகைந்து கருகிவிட்டது. கணனி பொய் சொல்லிற்றா என்று அவன் கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை. பௌதிகவியல் ஆசிரியரிடம் விளக்கங் கேட்டும், நூல்களைத் தேடிப் படித்தும் யான் அறிந்துகொண்டவற்றின் பயனே இக்கட்டுரை. அவ்விடையைத் தேடிய வழியெல்லாம் கிர்க்கோப்பின் வாழ்விற் சென்று முடிந்தது.

பிறப்பும் கல்வியும்

கிர்க்கோப் 1824ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12ஆம் நாள், அக்காலத்திற் கிழக்குப் பிரசியாவின் தலைநகராய் விளங்கிய கோனிக்ஸ்பேர்க் என்னும் நகரிலே பிறந்தார். அந்நகர் இன்று கலினின்கிராட் என்னும் பெயருடன் உருசிய நாட்டைச் சேர்ந்துள்ளது. தந்தையார் சட்டத்துறையில் அரச பணி புரிந்தவர். மெய்யியலறிஞர் கான்ற் வாழ்ந்து கற்பித்த நகர் அது. ஆற்றின் குறுக்கே அமைந்த ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றை ஒருமுறையே கடந்து சுற்றிவர இயலுமோ என்னும் புதிரால் கணிதவுலகிற் பெயர்பெற்றதும் அந்நகரே. ஒயிலர் என்னும் கணிதமேதை 1736இல் அஃது இயலாதென நிறுவினார். பாலங்களின் நீள அகலங்களை விடுத்து, எது எதனோடு இணைந்துள்ளது என்பதொன்றையே நோக்கும் புதிய கணிதம் அப்புதிரினின்றும் முளைத்தது. அந்நகரிற் பிறந்த பிள்ளையே பின்னாளில் மின்கம்பிகளின் இணைப்புக்களை அவ்வாறு நோக்கிக் கணக்கிட்டார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

கோனிக்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் பிரான்ஸ் நியூமன் என்பார் நடத்திய ஆய்வு வகுப்பு அக்காலத்திற் புகழ்வாய்ந்தது. விரிவுரையைக் கேட்டெழுதுவதோடு அங்கே மாணவர் கடமை முடிந்துவிடாது. ஒவ்வொருவரும் கணக்கைத் தாமே செய்து, செய்த கணக்கை அளவீட்டோடு ஒப்பிட்டு, இரண்டிற்குமிடையே தோன்றும் வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதையும் ஆராய்தல் வேண்டும். கணக்கும் அளவீடும் ஒன்றையொன்று சோதிக்க வேண்டும் என்னும் இப்பழக்கம் கிர்க்கோப்பின் உள்ளத்தில் இளமையிலேயே வேரூன்றிற்று.

இருபத்தொரு வயதில் இரு விதிகள்

மின்னோட்டத்திற்கும் அழுத்தத்திற்கும் தடைக்குமுள்ள தொடர்பை ஓம் என்னும் ஆசிரியர் 1827இல் நூலாக வெளியிட்டிருந்தார். ஒரு மின்கலமும் ஒரு கம்பியுமாயின் ஓம் விதி ஒன்றே போதும். ஆனாற் கம்பிகள் கிளைத்து, கிளைகள் மீண்டுங் கூடி, வலைபோற் பின்னிக் கிடக்குமிடத்து எந்தக் கிளையில் எவ்வளவு ஓட்டஞ் செல்லும் என்பதை எவ்வகைச் சுற்றிற்கும் பொருந்துமாறு கண்டறிவது எங்ஙனம்? 1845இல், இருபத்தொரு வயது மாணவனாயிருந்தபோதே கிர்க்கோப் இதற்கு விடை கண்டார். உலோகத் தகட்டினூடே மின்சாரம் பரவுமாற்றைப் பற்றி அவர் வெளியிட்ட ஆய்வுரையின் இறுதியில், ஒரு பின்னிணைப்புப் போலவே அவ்விரு விதிகளும் இடம்பெற்றன.

முதல் விதி, பல கம்பிகள் கூடும் சந்தி எதுவாயினும் அதனுள் வருகின்ற ஓட்டமும் அதைவிட்டு நீங்குகின்ற ஓட்டமும் சமமாகும் என்பது. நாற்சந்தியில் வண்டிகள் தேங்கி நில்லாவாயின் வந்தவை எத்தனையோ அத்தனையே சென்றிருத்தல் வேண்டுமன்றோ? இரண்டாம் விதி, மூடிய தடமொன்றைச் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே மீண்டால், வழியிலுள்ள அழுத்த ஏற்றங்களின் கூட்டுத்தொகையும் இறக்கங்களின் கூட்டுத்தொகையும் சமமாகும் என்பது. மலைநாட்டுப் பாதையில் எத்தனை ஏறி இறங்கினும் புறப்பட்ட படலைக்கே திரும்பி வந்தோமாயின், ஏறிய உயரமும் இறங்கிய உயரமும் ஒன்றே.

ஓர் எளிய எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். 12 வோற்று மின்கலத்திலிருந்து 2,000 ஓம் தடை ஒன்றினூடாக ஓட்டம் ஒரு சந்தியை அடைகின்றது. அச்சந்தியிலிருந்து 3,000 ஓம் தடையொன்றும் 6,000 ஓம் தடையொன்றும் மின்கலத்தின் மறுமுனைக்குச் செல்கின்றன. சந்தியின் அழுத்தம் யாது? அது 6 வோற்று எனக் கொள்வோம். முதற் தடையிலே எஞ்சிய 6 வோற்று இறங்குகின்றது; ஆகவே 3 மில்லி அம்பியர் சந்திக்குள் வருகின்றது. மற்றிரு தடைகளினூடே முறையே 2 மில்லி அம்பியரும் 1 மில்லி அம்பியரும் வெளிச்செல்கின்றன. வரவு மூன்று, செலவும் மூன்று. கணக்கு நேரானது. வேறெந்த எண்ணைக் கொண்டாலும் வரவுசெலவு பொருந்தாது. மின்கலத்தைத் தொடாமலே, தாளிலும் எழுதுகோலிலும் சுற்று தன் உண்மையைச் சொல்லிவிடுகின்றது.

1847இற் கிர்க்கோப் இன்னுமொரு படி முன்சென்றார். எத்துணைச் சிக்கலான வலையாயினும், அதிலிருந்து ஒன்றையொன்று சாராத சமன்பாடுகளை எத்தனை எழுதல் வேண்டும், எவ்வாறு தெரிந்தெழுதல் வேண்டும் என்பதை நிறுவினார். வலையின் கம்பிகளிற் சிலவற்றை நீக்கி, தடம் எதுவுமின்றி எல்லாச் சந்திகளையும் இணைக்கும் மரம்போன்ற வடிவொன்றைக் காண்பது அவர் முறை. நீக்கிய கம்பி ஒவ்வொன்றையும் மீளச் சேர்க்கும்போது ஒவ்வொரு புதிய தடம் பிறக்கும். இம்முறையினாலே, மின்சுற்றை ஆராய்தல் ஒருவரின் கைத்திறனையோ நல்லூழையோ நம்பியிராமல், ஒழுங்காகச் செய்துமுடிக்கத்தக்க கணக்காயிற்று. ஒழுங்குபடச் செய்யத்தக்க கணக்கு எதுவோ அதனையே பின்னாளில் இயந்திரத்திடமும் ஒப்படைக்க முடியும்.

அடித்தளத்தைச் சோதித்தல்

விதிகளை வெளியிட்டுப் புகழெய்தியதும் அவர் ஓய்ந்துவிடவில்லை. தாம் கட்டிய வீட்டின் அத்திவாரம் சரியானதா என்று தாமே தோண்டிப் பார்த்தார். ஓம் தம் நூலில் மின்சாரத்தை வெப்பம்போலக் கடத்தியினுள் எங்கும் பரவியிருப்பதாகக் கருதியிருந்தார். அக்கருத்து நிலைமின்னியலிற் கண்ட உண்மைகளோடு முரண்பட்டது. சூத்திரம் சரியான விடையைத் தருகின்றதாதலால் அதன் அடிப்படையை ஆராய வேண்டியதில்லை என்று விட்டுவிடுவோர் பலர். கிர்க்கோப் அவ்வாறு விடவில்லை. ஓம் கூறிய அழுத்தமும் நிலைமின்னியலார் கூறும் அழுத்தமும் ஒன்றேயென 1849இல் விளக்கி, இரு துறைகளையும் முரணின்றி இணைத்தார்.

பேர்லினில் ஊதியமற்ற விரிவுரையாளராகச் சிறிது காலம் பணியாற்றிய அவர், 1850இல் பிரெஸ்லாவ் நகரிற் பேராசிரியப் பதவி பெற்றார். அங்கேதான் இரசாயன அறிஞர் றொபேட் புன்சனின் நட்பு அவருக்குக் கிட்டிற்று. 1852இற் புன்சன் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அவருடைய முயற்சியாற் கிர்க்கோப்பும் 1854இல் அங்கு அழைக்கப்பட்டார். இளையவரும் அமைந்த சொல்லினருமாகிய பௌதிகவியலாரும், உயர்ந்து பருத்த தோற்றத்தினராகிய இரசாயனவியலாரும் உலாவரும் காட்சி அந்நகர மக்களுக்குப் பழகிய காட்சியாயிற்று.

ஹைடல்பேர்க்கில் 1857ஆம் ஆண்டு அவர் செய்த கணக்கொன்று நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. நீண்ட கம்பியொன்றின் ஒரு முனையில் மின்குறி புகுந்தால், மறுமுனையை அஃது உடனே அடையுமா, காலந்தாழ்த்தி அடையுமா? தடை மிகக் குறைந்த கம்பியில் அக்குறி ஒளியின் வேகத்தோடு செல்லும் என்று கிர்க்கோப் கண்டார். ஒளியும் மின்சாரமும் உறவுடையன என்பதை மக்ஸ்வெல் நிறுவுமுன்னரே கிட்டிய முடிபு இது. இதனுள் இன்னுமோர் உண்மை அடங்கியுள்ளது. சந்தியில் வரவும் செலவும் எக்கணத்தும் சமம் என்னும் அவரது முதல் விதி, குறி ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்ல எடுக்கும் காலத்தைக் கணக்கிற் கொள்வதில்லை. எனவே சுற்று சிறிதாயும், குறியின் அதிர்வு மெதுவாயும் இருக்கும் வரையிலேதான் அவ்விதி நேராகப் பொருந்தும். நம் இல்லங்களுக்கு வரும் மின்சாரம் செக்கனுக்கு 50 முறை அதிர்வது; அதன் அலைநீளம் 6,000 கிலோமீற்றர். அதற்குமுன் நம் வீட்டுச் சுற்று ஒரு புள்ளியே. செக்கனுக்கு நூறு கோடி முறை அதிரும் வானொலிக் குறிக்கோ அலைநீளம் 30 சென்ரிமீற்றர் மாத்திரமே. அங்கே ஒரு சாண் கம்பியையும் வெறும் இணைப்பென்று தள்ளிவிடல் இயலாது. தம் விதியின் எல்லை எங்கே தொடங்குகின்றது என்பதை அறிதற்குரிய கணக்கையும் அவ்விதியைக் கண்டவரே செய்து வைத்தார்.

சூரியனையும் கணக்கிட்டவர்

கிர்க்கோப்பின் பெயரை உலகெங்கும் பரப்பியது ஒளியாராய்ச்சியே. சூரிய ஒளியை அரியத்தினூடாகச் செலுத்தினால் தோன்றும் நிறப்பட்டையாகிய திருசியத்திற் கருங்கோடுகள் பல குறுக்கே கிடப்பதைப் பிரௌன்கோபர் என்பார் 1814இல் விரிவாக ஆராய்ந்திருந்தார். அவற்றின் காரணம் விளங்காதிருந்தது. கிர்க்கோப்பும் புன்சனும் உப்பிட்ட சுவாலையின் ஒளியை ஆராய்ந்தனர். சோடியம் என்னும் மூலகம் சுவாலையில் மஞ்சட்கோடு தருமிடத்திலேயே சூரிய ஒளியிற் கருங்கோடு கிடந்தது. ஓர் ஆவி எவ்வொளியை உமிழ வல்லதோ அவ்வொளியையே உறிஞ்சவும் வல்லது என்னும் உண்மையைக் கிர்க்கோப் 1859இல் வெளியிட்டார். ஆகவே சூரியனைச் சூழ்ந்த வளியிற் சோடியம் உண்டு. எட்டாத் தொலைவிலுள்ள சூரியன் எப்பொருள்களால் ஆனதென்பதை மனிதன் தன் மேசையருகிலிருந்தே அறியும் வழி இவ்வாறு திறந்தது.

அவ்விருவரும் இம்முறையாற் சீசியத்தை 1860இலும் உருபீடியத்தை 1861இலும் கண்டுபிடித்தனர். சூரியனிலுள்ள பொன்னைப் பூமிக்குக் கொண்டுவர இயலாதாயின் அதனாற் பயன் யாதென்று கிர்க்கோப்பின் பணமாற்று முகவர் ஒருவர் ஏளனஞ் செய்ததாக ஒரு கதை வழங்குகின்றது. பின்னர் இங்கிலாந்திலிருந்து பதக்கமும் பொற்காசும் பரிசாக வந்தபோது, சூரியனிலிருந்து வந்த பொன் இதுவே என்று சொல்லி அவற்றை அம்முகவரிடமே கொடுத்து வைத்தாராம். இலண்டன் அரச கழகம் 1862இல் அவருக்கு றம்போர்ட் பதக்கம் வழங்கியது வரலாறு.

சூரியனின் கருங்கோடுகளை ஒவ்வொன்றாய் அளந்து படமாக்கும் பணியில் அவர் கண்கள் களைத்தன. ஒரு பகுதியை மாணவரொருவரே முடித்துக் கொடுத்தார். பின்னர் நேர்ந்த விபத்தொன்றினாற் காலிற் காயமுற்று, நெடுநாள் ஊன்றுகோலிலும் சக்கர நாற்காலியிலும் அவர் காலங்கழிக்க நேர்ந்தது. தம் கணிதப் பேராசிரியர் ரிச்செலொற்றின் மகளாகிய மனைவி கிளாரா 1869இற் பிள்ளைகளை விட்டு மறைந்தார். துயரங்கள் தொடர்ந்தும் அவர் கற்பித்தலைக் கைவிடவில்லை. 1872இல் லுயீசா என்பாரை மணந்தார். 1875இற் பேர்லினிற் கோட்பாட்டுப் பௌதிகவியற் பேராசிரியரானார். அவருடைய விரிவுரைகள் ஒரு சொல்லும் மிகாமல், ஒரு சொல்லும் குறையாமல் செம்மையாய் அமைந்தவை எனக் கேட்டோர் கூறினர். அச்செம்மையே சிலருக்கு வறட்சியாகவும் தோன்றிற்று. ஹேர்ட்ஸ், பிளாங்க் ஆகிய பெருமேதைகள் அவரிடம் பாடங்கேட்டவர்களே. இயற்கையின் இயக்கத்தை முழுமையாகவும் மிக எளிமையாகவும் விவரித்தலே விசையியலின் கடன் என்று அவர் தம் விசையியல் நூலில் வரையறுத்தார். உடல்நலங் குன்றி, 1887ஆம் ஆண்டு ஒற்றோபர் 17ஆம் நாள் பேர்லினில் உயிர்நீத்தார்.

விதிகள் கணனியிற் புகுந்த வரலாறு

கிர்க்கோப் மறைந்து எண்பது ஆண்டுகளின் பின் அவருடைய விதிகளுக்குப் புதியதொரு வாழ்வு கிடைத்தது. 1960களில், பல திரான்சிற்றர்களை ஒரே சிலிக்கன் துண்டில் அமைக்கும் தொகையிடு சுற்றுக்கள் பெருகின. அதற்குமுன் பொறியியலார் புதிய சுற்றொன்றைப் பலகையிற் பொருத்தி, அளந்து, திருத்தி, மீண்டும் அளந்து பழகியவர்கள். நகத்தளவு சிலிக்கனில் அமையும் சுற்றைப் பலகையிற் பொருத்திப் பார்த்தால், பலகைக் கம்பிகளின் குணமே கலந்து வேறொரு சுற்றாகிவிடும். சிலிக்கனிற் செய்தபின் பிழை கண்டாலோ ஒரு கம்பியையும் கழற்றி மாற்றுதல் இயலாது. ஆகவே செய்யுமுன்னரே கணக்கிட்டு அறிவதைத் தவிர வேறு வழியில்லாது போயிற்று.

அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேர்க்லி வளாகத்தில் 1969ஆம் ஆண்டளவில் ரொனால்ட் ரோரர் என்னும் ஆசிரியர் தம் வகுப்பு மாணவரைக் கொண்டே சுற்றுக்களைக் கணக்கிடும் செய்நிரலொன்றை எழுதுவித்தார். அவர் மாணவருள் ஒருவராகிய லோறன்ஸ் நேகல், பேராசிரியர் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் அதனை வளர்த்து, ஸ்பைஸ் என்னும் பெயருடன் 1973இல் வெளியிட்டார். வேண்டியோர் யாவரும் பெற்றுப் பயன்படுத்துமாறு பெடர்சன் அதனைத் தாராளமாக வழங்கினார். அதனாற் பல்கலைக்கழகங்களிலும் தொழிலகங்களிலும் அது விரைந்து பரவிற்று. இன்று மாணவரும் பொறியியலாரும் கையாளும் சுற்றுப்போலி மென்பொருள்களுட் பல அதன் வழித்தோன்றல்களே.

அம்மென்பொருள் உள்ளே செய்வது யாது? நாம் திரையில் வரையும் படத்தைச் சந்திகளின் பட்டியலாக அது மாற்றிக்கொள்ளும். ஒவ்வொரு சந்திக்கும் கிர்க்கோப்பின் முதல் விதிப்படி ஒரு சமன்பாட்டை எழுதும். ஆயிரஞ் சந்திகளாயின் ஏறத்தாழ ஆயிரஞ் சமன்பாடுகள். அவற்றைத் தாயமாக அடுக்கித் தீர்க்கும். இருவாயி, திரான்சிற்றர் முதலியன ஓம் விதிக்கு அடங்காதவை. அவற்றினூடே செல்லும் ஓட்டம் அழுத்தத்திற்கு நேர்விகிதமாய் வளர்வதில்லை. ஆதலால் முதலில் ஒரு விடையை உத்தேசமாகக் கொண்டு, அதனைத் திருத்தி, திருத்தியதை மீண்டுந் திருத்தி, இனித் திருத்த வேண்டியது அற்பமே என்னும் நிலை வரும்வரை கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்யும். கொள்ளளவியும் தூண்டியும் உள்ள சுற்றாயின் காலத்தையும் நுண்ணிய துணுக்குகளாக வெட்டி, ஒவ்வொரு துணுக்கிற்கும் இவ்வளவு வேலையையும் செய்யும். கோனிக்ஸ்பேர்க் மாணவன் தாளில் எழுதிய வரவுசெலவுக் கணக்கே இன்று செக்கனுக்குப் பன்முறை திரையின் பின்னே நிகழ்கின்றது.

கருகிய திரான்சிற்றர் சொன்ன பாடம்

இனி, நம் மாணவனின் வினாவிற்கு வருவோம். கணனி பொய் சொல்லிற்றா? இல்லை. கேட்ட கேள்விக்கு அது மெய்யான விடையையே தந்தது. அவன் சுற்றில் நீரிறைக்கும் பொறி இழுத்த ஓட்டம் அரை அம்பியர். அவ்வளவும் சிறிய திரான்சிற்றர் ஒன்றினூடே சென்றது. அந்தத் திரான்சிற்றர் தாங்கக்கூடியதோ அம்பியரின் பத்திலொரு பங்கு மாத்திரமே. திரையில் அரை அம்பியர் என்னும் எண் தோன்றத்தான் செய்தது. அவன் அதை நோக்கவில்லை. பொறி சுழலும் என்பதையே நோக்கினான். மென்பொருளின் திரான்சிற்றர் ஒரு சமன்பாடு. சமன்பாட்டிற்கு வெப்பமில்லை, புகையில்லை, கருகுதலும் இல்லை. இவ்வளவே தாங்கும் என்னும் எல்லையை நாம் அறிந்து ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி அது எம்மை எச்சரியாது.

இவ்வாறே ஐந்து வீதம் கூடியோ குறைந்தோ இருக்கக்கூடிய தடையை மென்பொருள் எழுதிய எண்ணாகவே கொள்ளும். கம்பியைத் தடையற்றதாகவே கொள்ளும். நாம் வேறு கூறாவிடத்து எல்லாப் பொருள்களும் ஒரே வெப்பநிலையில் இருப்பதாகவே கொள்ளும். தடைகளை ஏற்றியும் இறக்கியும், வெப்பநிலையை மாற்றியும் பலமுறை இயக்கிப் பார்க்குமாறு நாமே பணித்தல் வேண்டும். அதன்பின் மெய்யான சுற்றை அமைத்து, சந்தி சந்தியாக அளவியை வைத்து, திரையின் எண்ணும் அளவியின் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். பொருந்தாவிடிற் கணக்கையும் ஐயுறல் வேண்டும். பொருத்திய கையையும் ஐயுறல் வேண்டும். நியூமனின் வகுப்பிற் கிர்க்கோப் பயின்ற பாடம் இதுவே.

அம்மாணவன் தளர்ந்துவிடவில்லை. பௌதிகவியல் ஆசிரியரின் துணையோடு, அரை அம்பியரைத் தாங்கவல்ல பெரிய திரான்சிற்றரைத் தெரிந்தான். பொறியை நிறுத்தும் வேளை சுருளில் எழும் அழுத்தத்தினின்றும் அதனைக் காக்க ஓர் இருவாயியையும் சேர்த்தான். முதலிற் கணனியில் இயக்கி, ஒவ்வோர் உறுப்பினூடே செல்லும் ஓட்டத்தையும் ஒரு நிரலிலும், அவ்வுறுப்புத் தாங்கும் எல்லையை மறு நிரலிலும் குறிப்புப் புத்தகத்தில் எழுதினான். பின்னரே பற்றாசுக் கோலைக் கையிலெடுத்தான். அன்று பொறி சுழன்றது, நீரும் பாய்ந்தது. போட்டியிற் பரிசு கிட்டவில்லையெனினும், அந்த இரு நிரற் புத்தகத்தை யான் பரிசினும் மேலாக மதிக்கின்றேன்.

எமது கல்லூரியின் ஆய்வுகூடத்தில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் வானொலிப் பெட்டியைக் கழற்றிப் பூட்டிப் பழகி, பிற்காலத்திற் பொறியியலாராய் உயர்ந்த முதுபெரும் பழைய மாணவர்கள் இவ்விழா மலரைப் படிப்பர். அவர்களிற் பலர் எத்தனையோ உறுப்புக்களை எரித்தே அறிவு பெற்றவர்கள். இன்றைய மாணவன் எரியாமலே பெரும்பகுதியைக் கற்கலாம். அவ்வசதி அவனுக்குக் கிடைத்த பேறு. ஆயினும் திரையில் வருவதெல்லாம் உண்மையென எண்ணி அயர்வானாயின் அப்பேறே அவனுக்குக் கேடாய் முடியும். கணக்கிடாமற் கம்பி பூட்டுவோன் பொருளை எரிப்பான். அளந்து பாராமற் கணக்கை நம்புவோனும் ஈற்றிற் பொருளையே எரிப்பான்.

தாம் கண்ட விதியின் அத்திவாரத்தைத் தாமே தோண்டிப் பார்த்தவர் கிர்க்கோப். கண்ணொளி குன்றவும், கால் தளரவும், மனைவியை இழக்கவும் நேர்ந்தும் செம்மையினின்றும் வழுவாதவர். வரவும் செலவும் ஒப்ப வேண்டும் என்னும் அவர் விதி மின்சாரத்திற்கு மட்டுமன்றிக் கல்விக்கும் பொருந்தும். ஆசிரியரிடமிருந்தும் கல்லூரியன்னையிடமிருந்தும் எம்முள் வந்த அறிவு எம்மிடமே தேங்கி நின்றுவிடலாகாது. வந்த அளவு வெளிச்சென்று பிறரை அடைந்தாலன்றோ கணக்கு நேராகும்!